ரூபாய் நோட்டை வைத்து வரைந்த கார்ட்டூனை எப்படிப் புரிந்துகொள்வது?

காயை இறக்கி, விலை படிந்து, கமிஷன் கடையில் பட்டியல் கைக்கு வரும்வரை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். போனில் ஒரு படம் வருகிறது. ஒரு மந்திரி, ஒரு ரூபாய் நோட்டு, மூலையில் ஒரு ஏழை, கீழே இரண்டே சொல். பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறார். உங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. இது உங்களுக்காக எழுதியது.

கூச்சம் வேண்டாம். தமிழில் அரசியல் கருத்துப்படத்துக்கு (கார்ட்டூனுக்கு) வழி திறந்தது பாரதியாரின் ‘இந்தியா’ வாரப் பத்திரிகை. 1906-இல் சென்னையில் தொடங்கி, 1908-இல் புதுச்சேரிக்குப் போய், 1910 வரை வந்தது. அந்தப் பத்திரிகையிலேயே படத்தோடு விளக்கமும் எழுதிப் போட்டார்கள். விளக்கம் தேவை என்று பாரதியாருக்கே தோன்றியிருக்கும்போது நாம் கேட்பதில் என்ன குறைச்சல்?

சரி, படத்தில் முதலில் எதைப் பார்ப்பது? யார் முகம் என்று தேடாதீர்கள். நோட்டைப் பாருங்கள். அந்தத் தாள் எதன் இடத்தில் நிற்கிறது என்று கேளுங்கள். பணத்தைப் பற்றிய நல்ல கார்ட்டூன்கள் பெரும்பாலும் இந்த ஒரு கேள்விக்கே வழிவிட்டுவிடும்.

ஏன் இந்தக் கேள்வி? உங்கள் பையில் இருக்கும் 500 ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்துக்கு மேலே, இதைக் கொண்டுவருபவருக்கு இத்தனை ரூபாய் தருவதாக உறுதியளிக்கிறேன் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். பின்பக்கம் 15 மொழிகளில் தொகை எழுதியிருக்கும், தமிழிலும் இருக்கும். தாளின் விலை சொற்பம். அந்த உறுதிமொழியை நம்பித்தான் நீங்கள் ஒரு பெட்டித் தக்காளியைத் தூக்கிக் கொடுக்கிறீர்கள். கார்ட்டூன்காரர் கை வைப்பதும் அதில்தான். உறுதி கொடுத்தவர் யார், அது பொய்த்தபோது யார் கையில் வெறும் தாள் மிஞ்சியது என்று அவர் கேட்கிறார்.

நம் மாநிலத்துப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனு கொடுத்தும் தீராத ஒரு கூலித் தொழிலாளி, அந்த வளாகத்திலேயே மனைவியோடும் இரண்டு சிறு பெண் குழந்தைகளோடும் தீக்குளித்தார். நான்கு பேருமே இறந்துபோனார்கள்.

அதையொட்டி ஜி. பாலா ஒரு கார்ட்டூன் வரைந்து இணையத்தில் வெளியிட்டார். தரையில் ஒரு குழந்தை எரிகிறது. சுற்றி மூன்று பேர் நிற்கிறார்கள். அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, ஆட்சியர், காவல்துறை ஆணையர் என்று அடையாளம் தெரியும்படி வரைந்திருக்கிறார். மூவர் உடம்பிலும் துணி இல்லை. மானத்தை மறைத்துக்கொள்ள ஆளுக்குக் கொஞ்சம் ரூபாய் நோட்டைப் பிடித்திருக்கிறார்கள்.

இப்போது நம் கேள்வியைக் கேளுங்கள். இங்கே நோட்டு துணியின் இடத்தில் நிற்கிறது. ஒரு குழந்தை எரியும்போது கையில் இருக்கும் எதையும் போட்டு அணைக்கத்தான் யாரும் பார்ப்பார்கள். இவர்கள் கையில் இருப்பதோ தங்களை மறைத்துக்கொள்ள மட்டும் பயன்படுகிறது. நிர்வாணம் என்பது நம் பேச்சில் மானம் போனதற்கு அடையாளம். அந்த வசவைத்தான் அவர் கோடாக்கியிருக்கிறார். ஆபாசத்துக்காக வரைந்தது என்று பார்த்தால் படத்தின் நடுவில் இருக்கும் குழந்தை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

‘அப்படியானால் அவர்கள் லஞ்சம் வாங்கினார்கள் என்கிறாரா?’ என்று கேட்பீர்கள். இந்தச் சந்தேகம் முக்கியம். கார்ட்டூன் சாட்சி ஆகாது. கையில் நோட்டை வரைந்ததால் லஞ்சம் நிரூபணமாகிவிடாது. நான்கு பேர் இறந்தது நடந்த செய்தி. அதிகாரத்துக்குப் பணம் பெரிதாகவும் உயிர் சிறிதாகவும் போனது என்பது வரைந்தவரின் கருத்து. இரண்டையும் பிரித்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செய்தியைச் சரிபார்க்கலாம், கருத்தை ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். எந்தப் படம் வந்தாலும் இப்படிப் பிரித்துப் பார்த்துவிட்டால் யாரும் உங்களைப் படம் காட்டி ஏமாற்ற முடியாது.

ஆட்சியரின் புகாரின் பேரில் 2017 நவம்பர் 5 அன்று பாலா கைதானார். மறுநாளே ஜாமீன் கிடைத்தது. பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த வழக்கை ரத்து செய்தது. பிரச்சினையின் தீவிரத்தைச் சொல்வதே வரைந்தவரின் நோக்கம் என்ற பார்வை அங்கே வென்றது. எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. அந்தப் படம் வராமல் போயிருந்தால் பலருக்கு அந்த வாரத்துச் செய்திகளில் ஒன்றாக அது கடந்துபோயிருக்கும்.

அந்தப் படத்துக்குள் நமக்கு நேராகத் தொடர்புடைய விஷயம் ஒன்று இருக்கிறது. மார்க்கெட்டைச் சுற்றி வாழ்பவர்களுக்குத் தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி எல்லாம் புதிதல்ல. காலையில் கடன் வாங்கிச் சாயங்காலம் கட்டும் தள்ளுவண்டிக்காரர் எல்லா ஊரிலும் உண்டு. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் இதற்கென்று தனிச்சட்டம் இருக்கிறது, அளவுக்கு மீறிய வட்டி வாங்குவதைத் தடை செய்யும் சட்டம். தின வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம்.

கடன் வாங்கியவர் என்ன செய்யலாம்? தரவேண்டிய நியாயமான தொகையை நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யும்படி மனுப் போட அந்தச் சட்டம் இடம் தருகிறது. வட்டிக்குக் கொடுத்தவரின் தொல்லையால் யாராவது உயிரை விட்டால், தற்கொலைக்குத் தூண்டியதாகவே கடன் கொடுத்தவரைச் சட்டம் கருதும். இல்லையென்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. கடன் வாங்கும்போது வெற்றுத்தாளிலும் தொகை எழுதாத புரோநோட்டிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் சின்னத் துண்டுச்சீட்டாவது வாங்கி வையுங்கள். போலீஸிலோ திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் நாளிலோ மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள். மனம் உடைந்து தவறான எண்ணம் வருகிறது என்றால், உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ, 104-க்குக் கூப்பிட்டுப் பேசுங்கள். அரசின் எண் அது.

பழைய வெளிநாட்டுப் படங்களையும் இந்தக் கேள்வியால் படிக்க முடியுமா? முடியும். இங்கிலாந்தில் 1797-இல் பிரெஞ்சுப் படை கரையிறங்கிய பீதியில் மக்கள் நோட்டைக் கொடுத்துத் தங்கம் கேட்டு வங்கிக்கு ஓடினார்கள். அரசு குறுக்கிட்டு, நோட்டுக்குப் பதில் தங்கம் தருவதை நிறுத்தியது. பதிலுக்குச் சிறிய தொகை நோட்டுகள் வந்தன. அந்த ஆண்டு மே 22 அன்று ஜேம்ஸ் கில்ரே ஒரு படம் வெளியிட்டார். இங்கிலாந்து வங்கி ஒரு கிழவி. பூட்டிய தங்கப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறாள். உடுத்தியிருப்பது முழுக்கக் காகித நோட்டு. பிரதமர் வில்லியம் பிட் அவளைக் கட்டிப்பிடிப்பதுபோல் நெருங்கி, கையை மட்டும் பைக்குள் விடுகிறார். இன்றும் அந்த வங்கிக்குக் கிழவி என்ற செல்லப்பெயர் இருக்கிறது.

220 ஆண்டு இடைவெளியில், கடல் தாண்டி, இரண்டு பேர் நோட்டைத் துணியாக வரைந்திருக்கிறார்கள் பாருங்கள். கில்ரே படத்தில் உடுத்தியவள்மேல் இரக்கம் வருகிறது, பாலா படத்தில் கோபம் வருகிறது. அதே நோட்டு, அதே இடம். யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறிவிடுகிறது. ஆகவே முதல் கேள்வியோடு, நோட்டைப் பிடித்திருப்பவர் யார், நோட்டில்லாமல் நிற்பவர் யார் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அமெரிக்கா, 1876. உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக அந்த அரசு தங்கப் பின்பலம் இல்லாத காகித நோட்டை அச்சடித்திருந்தது. போர் முடிந்து பத்தாண்டு கழித்தும் அதை நிறுத்துவதா, இன்னும் அடிப்பதா என்று சண்டை. டேவிட் வெல்ஸ் என்பவர் பணத்தைப் பற்றி எழுதிய புத்தகத்துக்குத் தாமஸ் நாஸ்ட் படம் போட்டார். அதில் ஒரு கந்தல் பொம்மை. இது நிஜக் குழந்தைதான், நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது என்று அதற்கு மேலே எழுதியிருக்கிறது. அந்தக் குழந்தைக்குப் பாலுக்குப் பதில் ஒரு சீட்டை நீட்டுகிறார்கள். சட்டப்படி அதுதான் பாலாம். சுவரில் ஒரு மாட்டுப் படம், ஓவியர் சொன்னபடி அது மாடு. பசுவின் படத்தில் பால் கறக்க முடியாது, அச்சடித்த தாளால் மட்டும் வயிறு நிறையாது என்கிறார் நாஸ்ட். தாள் பாலின் இடத்தில் நிற்கிறது.

படித்தவுடன் சரியென்றே தோன்றும். இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அன்றைக்குக் காகித நோட்டு இன்னும் வேண்டும் என்று கேட்டவர்களில் கடன்பட்ட விவசாயிகள் நிறையப் பேர். நோட்டு அதிகமானால் விளைச்சலுக்கு விலை ஏறும், பழைய கடன் லேசாகும் என்பது அவர்கள் கணக்கு. நோட்டைக் குறைத்தால் லாபம் கடன் கொடுத்தவருக்கு. நாஸ்டின் படத்தில் அந்த விவசாயியைக் காணோம். படம் கெட்டிக்காரத்தனமாக இருப்பதாலேயே அதன் வாதம் முழு உண்மையாகிவிடாது. ஒரு கார்ட்டூனை ரசித்து முடித்ததும், இதில் யாரை வரையாமல் விட்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை தேடுங்கள். தக்காளி விலை ஏறும்போது வரும் கார்ட்டூன்களில் கூடையோடு அழும் நகரத்து இல்லத்தரசியை அடிக்கடி பார்க்கிறோம். 14 கிலோ பெட்டியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிற விவசாயி எத்தனை படத்தில் வருகிறார்?

நம் ஊர்க்காரருக்கு நன்றாக நினைவிருக்கும் நாள் 2016 நவம்பர் 8. அன்று இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் மோடி அறிவித்தார். இதன் பெயர் பணமதிப்பு நீக்கம் (புழக்கத்திலுள்ள நோட்டு செல்லாது என்று அரசே அறிவிப்பது). அன்று நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் அந்த இரண்டு நோட்டுகளில் இருந்தது. சுமைக்கூலி, லாரி வாடகை, விதைக் கடை பாக்கி எல்லாம் ரொக்கத்தில் நடக்கிற இடத்தில் அது என்ன செய்யும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாஸ்ட் படத்தில் சீட்டு இருந்தது, பால் இல்லை. நம் மார்க்கெட்டில் தலைகீழாக நடந்தது. காய் மலைபோல் குவிந்திருந்தது, சீட்டுத்தான் செல்லவில்லை.

அப்போது வந்த படங்களில் தலைப்பாகை கட்டிய சுல்தான் ஒருவரையும் பார்த்திருக்கலாம். அவர் முகமது பின் துக்ளக். 14-ஆம் நூற்றாண்டில் டெல்லியை ஆண்டவர். வெள்ளிக் காசின் மதிப்பில் செம்பு, பித்தளைக் காசு வெளியிட்டார். கள்ளக்காசு பெருகித் திட்டம் கவிழ்ந்தது, கடைசியில் அதைத் திரும்பப் பெற்றார். யோசிக்காமல் உத்தரவு போடுபவர் என்ற பொருளில் அவரை வரைவார்கள். சோவின் நாடகமும் 1970-இல் அவர் தொடங்கிய பத்திரிகையும் அந்தப் பெயரைத் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்ததால் நமக்கு இந்தக் குறிப்பு மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரியும்.

ஆதரவுப் படங்களும் வந்தன. மூட்டை மூட்டையாகக் கறுப்புப் பணம் ஆற்றில் மிதப்பதுபோலவும் குப்பையில் எரிவதுபோலவும் வரைந்தார்கள். இதைச் சரிபார்க்க வழி உண்டா? உண்டு. செல்லாததாக்கிய நோட்டுகளின் மதிப்பு 15.41 லட்சம் கோடி ரூபாய். அதில் 15.31 லட்சம் கோடி வங்கிகளுக்குத் திரும்பிவிட்டது என்று ரிசர்வ் வங்கியே 2018-இல் கணக்குச் சொன்னது. பெரும்பகுதி எரியவும் இல்லை, மிதக்கவும் இல்லை. அந்த முடிவு சட்டப்படி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 2 அன்று தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் நாகரத்னா மட்டும் மாறுபட்டார். சட்டப்படி சரியா என்பதும், நினைத்த பலன் கிடைத்ததா என்பதும் வேறுவேறு கேள்விகள். எந்தக் கேள்விக்கு அந்தப் படம் பதில் சொல்கிறது என்று பாருங்கள்.

வீட்டில் பழைய 500, 1000 நோட்டு இன்னும் கிடக்கிறதா? இப்போது மாற்ற முடியாது. ஞாபகத்துக்கு ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளலாம். பத்துக்கு மேல் வைத்திருந்தால் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 10,000 ரூபாய் அல்லது அந்த நோட்டுகளின் மதிப்பைப் போல ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அது அபராதம். 2,000 ரூபாய் நோட்டின் கதை வேறு. 2023 மே 19 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது, செல்லாது என்று சொல்லவில்லை. பீரோவில் ஒன்று அகப்பட்டால் பயப்படாதீர்கள். உள்ளூர் வங்கியில் வாங்க மாட்டார்கள். சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் கொடுக்கலாம், அல்லது தபால் நிலையம் வழியாக அங்கே அனுப்பி உங்கள் கணக்கில் வரவு வைக்கச் சொல்லலாம்.

இன்னொரு வகைப் படத்தில் நோட்டே இருக்காது. ரூபாய் ஒரு நோஞ்சான் மனிதனாக ஆஸ்பத்திரியில் படுத்திருப்பான், டாலர் தடியனாகப் பக்கத்தில் நிற்பான். இது நாணய மாற்று விகிதம் (ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் என்ற கணக்கு) பற்றியது. அரசே உத்தரவு போட்டு ரூபாயின் மதிப்பைக் குறைத்த காலமும் உண்டு. 1966 ஜூன் 6 அன்று இந்திரா காந்தி அரசு 4.76 ரூபாயாக இருந்த டாலரை ஒரே நாளில் 7.50 ஆக்கியது. இப்போது சந்தைதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

ரூபாய் சரிந்தால் ஒட்டன்சத்திரத்தில் எனக்கு என்ன என்று கேட்கலாம். கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை டாலர் கொடுத்து வாங்குகிறோம், கேரளத்துக்குக் காய் ஏற்றும் லாரிக்கு அதுதான் டீசல். பொட்டாஷ் உரம் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. பாமாயிலும் பெரும்பாலும் அப்படியே. இவையெல்லாம் உங்கள் செலவுப் பக்கம் ஏறும். துபாயிலோ சிங்கப்பூரிலோ மகன் இருந்தால் அவர் அனுப்பும் அதே சம்பளம் இங்கே கூடுதல் ரூபாயாக வரும். ஆக, படத்தில் படுத்திருக்கும் நோயாளி எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி நோயாளி இல்லை.

2025 மார்ச்சில் வந்த ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். தமிழ்நாடு பட்ஜெட் இலச்சினையில் ரூபாயின் அதிகாரபூர்வக் குறியீட்டுக்குப் பதில் ‘ரூ’ என்று போட்டார்கள். தனி நாணயம் வரப்போகிறதா என்றுகூடச் சிலர் கேட்டார்கள். வராது, வரவும் முடியாது. நாணயம் அரசியல் சட்டப்படி ஒன்றிய அரசின் பட்டியலில் இருக்கிறது. 2010-இல் ஏற்ற அந்தக் குறியீட்டை வடிவமைத்த உதயகுமாரும் தமிழர்தான். மொழி அரசியலைச் சொல்ல வந்த அடையாளம் அது, உங்கள் பையில் இருக்கும் பணத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

இனி, பலரும் தயங்கிக் கேட்கும் கேள்வி. இப்படிப்பட்ட படத்தை குரூப்பில் போட்டால் போலீஸ் வருமா? அரசை விமர்சிக்கும் படத்தைப் பகிர்வது உங்கள் பேச்சுரிமைக்குள் வரும். கைது நடந்ததும் உண்டு. கொல்கத்தாவில் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா 2012-இல் முதல்வர் மம்தா பானர்ஜி பற்றிய ஒரு கேலிப்படத்தை மின்னஞ்சலில் பகிர்ந்ததற்காகக் கைதானார். வழக்கிலிருந்து விடுபட 2023 வரை ஆனது. கடைசியில் நியாயம் கிடைத்தாலும் அதற்குள் வயது போய்விடுகிறது, இது நம் சட்டத்தின் பெரிய குறை. பயந்து ஒதுங்கச் சொல்லவில்லை. வரைந்தவர் பெயர் இருக்கிறதா, யாராவது வாசகத்தை மாற்றி ஒட்டியிருக்கிறார்களா, சாதியையோ மதத்தையோ இழிவு செய்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். 10 ரூபாய் நாணயம் செல்லாது என்று சுற்றிவரும் படம் கார்ட்டூன் ஆகாது, வதந்தி. எல்லா வடிவ நாணயமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லிவிட்டது. பஸ்ஸில் வாங்க மறுத்தால் தைரியமாகச் சொல்லுங்கள்.

நீங்களே வரைய ஆசைப்பட்டால்? தாராளமாக வரையுங்கள். நிஜ நோட்டின் மேல் மட்டும் எழுதாதீர்கள், கிறுக்கிய நோட்டு அடுத்தவர் கைக்குப் போகும்போது அவருக்குத்தான் தொல்லை. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் 500 ரூபாய் நோட்டு மாதிரியே பத்திரிகை அடிக்கும் ஆசை சிலருக்கு இருக்கிறது. பார்த்தால் நோட்டென்று ஏமாறும்படி அச்சடிப்பது அபராதத்துக்குரிய குற்றம், அடித்துத் தந்த அச்சகக்காரரையும் அது பிடிக்கும். அளவையும் நிறத்தையும் மாற்றி, ஒரு பக்கம் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள்.